நாலாவது சுற்றிலேயே முடிகிற கட்டு

பல் செட் கட்டும் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. வாய்க்குச் சொந்தக்காரர் முகத்தில் விழிக்கவே வேண்டாம். டாக்டரிடமிருந்து அச்சு வரும், கூடவே ஓர் எண்ணும் பல்லின் நிறம் என்ன என்ற குறிப்பும் வரும். மெழுகில் வரிசை கட்டி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி டப்பாவில் போட்டு அனுப்பினால் முடிந்தது. அந்தப் பல்லால் யார் சிரித்தார்கள், யார் யாரைக் கடித்துக் குதறினார்கள் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? இருபத்திரண்டு வருஷமாக அவர் பார்க்கும் வேலை இதுதான். விளையாட்டுச் சீட்டு விற்கும் கடையில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பேர். வீட்டில் கூப்பிட ஆளில்லை, அதனால் அங்கே பேருக்கு அவசியமும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை ஆள் இருந்தது. தம்பி. அம்மா அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் மட்டும்தான் அந்த வீட்டில். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் சீட்டு விரிப்பார்கள். ராஜா ராணி சீட்டு இல்லை, படச்சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வீரனோ பூதமோ பறவையோ இருக்கும், படத்துக்குக் கீழே அது என்ன செய்யும் என்று நாலு வரி இருக்கும். களத்தில் இறங்கும் எல்லாவற்றுக்கும், பறவையே ஆனாலும், 'ஆள்' என்றுதான் பேர். ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து அறுபதைப் பொறுக்கி அவரவர் கட்டை அவரவரே உருவாக்க வேண்டும். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் இருபது உயிர். எதிராளியின் இருபதையும் தீர்த்தவர் ஜெயித்தவர். வளர்ந்த ஆம்பிளைகளுக்கு இதுவா வேலை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஊர் வம்பு பேசிக் கழுத்தறுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. தம்பிக்குப் பத்து வயசாக இருந்தபோது, பாவம் சின்னவன் என்று அண்ணன் ஒருநாள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தார். பொடியன் கண்டுபிடித்துவிட்டான். சீட்டை வீசியெறிந்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து சொன்னான்: "ஏமாத்தி ஜெயிக்கிறது மட்டுமில்லண்ணா, ஏமாத்தித் தோக்கறதும் அழுகுணி ஆட்டம்தான்." அன்றிலிருந்து, ஆட்டம் முடிந்ததும் தோற்றவன் தன் கையிலிருக்கும் மிச்சச் சீட்டுகளை மேசையில் விரித்துக் காட்ட வேண்டும். ஒளித்து வைத்துத் தோற்றானா, இல்லாமல் தோற்றானா என்பது தெரிந்துவிடும்.

தம்பிக்குக் கல்யாணமாகி, விமானம் ஏறும் வாரத்தில் பெட்டியைப் பாகம் பிரித்தார்கள். சீட்டுகளில் ஐந்து நிறம். சிவப்பு, கறுப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் தம்பி வாரிக்கொண்டான். "வெள்ளைய நீ வெச்சுக்கோண்ணா. அது ஒப்புக்குச் சப்பாணி," என்றான். அண்ணன் சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் வைத்தார். வைத்தது வைத்தபடி கிடந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன். முதல் வருஷம் அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு பத்து நிமிஷம் ஆனது. இப்போதெல்லாம் சாப்பிட்டியா, வேலை எப்படி, இங்கே குளிர் என்று மூன்று வாக்கியம் நகர்வதற்குள் தம்பியின் குழந்தை போனைப் பிடுங்கிவிடும். குழந்தை மேல் கோபித்துக்கொள்ள முடியுமா? பல்லுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு செய்தி வந்தது. ஆபீஸ் வேலையாக ஐந்து நாள் வருகிறான். சனிக்கிழமை மட்டும் ஓய்வு. மூணு மணிக்கு வரேன், ஆறு மணிக்குக் கார் வந்துடும், ஒரு ஆட்டம் போடலாம்ண்ணா என்று எழுதியிருந்தான். கடைசி வரியை அவர் எத்தனை தடவை படித்தார் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருவதற்கு இன்னும் மூன்று மாசம் இருந்தது. அலமாரியிலிருந்து வெள்ளைப் பெட்டியை இறக்கினார்.

ஒரே நிறத்தில், அதிலும் சோப்ளாங்கி நிறத்தில் கட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் சின்னச் சின்னப் போர்வீரர்களாக அடுக்கிப் பார்த்தார். சரிப்படவில்லை. ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே போனபோது ஒரு வாசல்காரன் அகப்பட்டான். ஆளை இறக்க வழக்கமாக ஒரு விலை உண்டு, அவன் களத்தில் நின்றால் சின்ன ஆட்கள் செலவில்லாமல் உள்ளே வரலாம். அப்புறம் ஒரு புறா. அது உள்ளே வரும்போது களத்திலிருக்கும் இன்னோர் ஆளைக் கைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் இரண்டு புறா இருந்தால்? ஒன்று வந்து மற்றதைக் கைக்கு அனுப்பும், அனுப்பப்பட்டது திரும்ப வந்து முதலாவதை அனுப்பும். இரண்டும் களத்தில் சேர்ந்து நிற்கவே நிற்காது, ஆனால் வருவதும் போவதும் ஓயாது. இதில் என்ன பிரயோசனம் என்று உட்கார்ந்திருந்தவர் கண்ணில் மணிக்காரி பட்டாள். யார் உள்ளே வந்தாலும் அவள் ஒரு தடவை மணி அடிப்பாள், எதிராளிக்கு ஓர் உயிர் போய்விடும். புறா இருபது தடவை வந்தால் ஆட்டம் குளோஸ்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீக்கிரம் கைக்கு வர வேண்டுமானால் கட்டில் மணிக்காரி நாலு வேண்டும், பெட்டியில் இருந்ததோ ஒன்று. மறுநாளே கடைக்குப் போனார். கடைக்காரம்மா தட்டு தட்டாகக் கவிழ்த்துத் தேடி மூன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இதை யாரும் சீண்டவே மாட்டாங்க சார். நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

அவர் விளக்கினார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நாலாவது சுத்துலயே முடிஞ்சுடுமா?"

"இப்ப ஒன்பது சுத்து ஆகுது. நாலுக்குக் கொண்டுவந்துடுவேன்."

"எதிர்ல உக்காந்திருக்கிறவர் என்ன பண்ணுவார்?"

"தோப்பார்."

"சரி, அதுக்கப்புறம்?"

சீட்டு விற்பவருக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தம்பி கையை வீசிக்கொண்டுதான் வருவான் என்று தெரியும். அதனால் அவனுக்கும் கடையில் சீட்டு வாங்கி ஒரு சிவப்புக் கட்டு தயாரித்தார். அவனுக்கு எப்போதுமே சிவப்புதான் உயிர். அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை, நல்ல சீட்டாகவே போட்டார். உயிர் எண்ணுவதற்குப் பட்டறையில் கழித்துப் போட்ட பற்களில் நாற்பதைக் கொண்டுவந்தார். பிறகு ஆரம்பித்தது ஒத்திகை. தன் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளையை ஆடுவார், எழுந்து மேசையைச் சுற்றிப் போய்த் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பை ஆடுவார். அங்கே உட்கார்ந்தால் தம்பி மாதிரியே அவசரக்குடுக்கையாக ஆடுவார், அது தானாகவே வந்தது. தினமும் இப்படி. வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். பார்க்க யாருமில்லை.

பல்லில் மயிரிழை மயிரிழையாகத் தேய்ப்பவருக்குச் சீட்டில் தேய்ப்பது கஷ்டமா? ஒன்பது சுற்று ஏழானது, ஏழு ஐந்தானது. தம்பி வருவதற்கு முந்தின வாரம் நாலில் வந்து நின்றது. சப்பாணியாம் சப்பாணி, வரட்டும் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை தம்பி வந்தபோது மணி மூன்றே முக்கால். தொப்பை போட்டிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. அண்ணனைக் கட்டிப்பிடித்தான். டீ குடித்தான். குழந்தையின் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினான். நடுவில் ஆபீஸிலிருந்து இரண்டு போன், வீட்டிலிருந்து ஒன்று. மேசையில் உட்காரும்போது நாலரை ஆகிவிட்டது.

"இது என்னண்ணா, பல்லா? கருமம், இதை வெச்சா எண்ணப் போறோம்?"

"கழுவித்தான்டா வெச்சிருக்கேன்."

முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. நாலாவதில் மணிக்காரி இறங்கினாள். தம்பி அந்தச் சீட்டைக் கையில் எடுத்து வாய்விட்டுப் படித்தான். நம்பாமல் இன்னொரு தடவை படித்தான்.

"அப்ப இந்த ரெண்டு புறாவும் மாத்தி மாத்தி..."

"ஆமா. இருபது தடவை."

தம்பி தன் பக்கத்துப் பற்களை மொத்தமாக ஒதுக்கித் தள்ளினான். "சூப்பர் கட்டுண்ணா. வெள்ளைல இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல." சொல்லிவிட்டுப் போனை எடுத்தான். மொத்தம் ஆறு நிமிஷம்.

மூன்று மாசமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது. வந்து, அந்தச் சீட்டுக் கட்டின் மேல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தீர்ந்துபோனது. தம்பியின் கட்டைவிரல் போனில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பல்லுக்காரருக்கு உறைத்தது. தம்பியை அந்த நாற்காலியில் உட்கார வைக்க ஆசைப்பட்டு, அவனைச் சீக்கிரம் எழுப்பிவிடுகிற கட்டை அல்லவா உட்கார்ந்து உட்கார்ந்து செய்திருக்கிறோம். கடைக்காரம்மா ஒரே கேள்வியில் பிடித்ததை இவர் மூன்று மாசமாகப் பிடிக்கவில்லை. தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னொண்ணு போடலாமா?" என்றார். குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

தம்பி மணி பார்த்தான். "சரி, ஒண்ணே ஒண்ணு."

விதி என்பதா, வினை என்பதா, எடுத்த எடுப்பில் இரண்டு புறாவும் வாசல்காரனும் கைக்கு வந்தார்கள். மூன்றாவது சுற்றில் மணிக்காரியும் வந்து சேர்ந்தாள். நாலாவது சுற்று. தம்பி ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பல்லுக்காரர் ஒரு சாதாரணப் போர்வீரனை இறக்கினார். "உன் முறை," என்றார்.

அப்புறம் ஆட்டம் சூடு பிடித்தது. ஆறாவது சுற்றில் தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான். எட்டாவதில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பத்தாவதில், "என்னண்ணா, எருமை மாடு மாதிரி நகர்றே," என்று பழைய ராகத்தில் ஆரம்பித்தான். இவரும் பதிலுக்குத் திட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டத்தை முடித்துவிடக்கூடிய நாலு சீட்டும் அவர் கையிலேயே இருந்தன. வியர்வையில் அட்டை ஈரமாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

"அங்க நீ ஆடுறதே இல்லையாடா?"

"பெட்டிய இன்னும் பிரிக்கவே இல்லண்ணா. மாடிப்படிக்கு அடியில கிடக்கு." தம்பி ஒரு சீட்டை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "பேசறதுக்கு நெறைய பேர் இருக்காங்க. இப்படி வாய்க்கு வந்தபடி திட்டறதுக்கு ஒருத்தன் கிடையாது."

பல்லுக்காரர் இன்னொரு போர்வீரனை இறக்கினார். "உன் முறை," என்றார்.

பதினாறாவது சுற்றில் வாசலில் கார் ஹாரன் அடித்தது. தம்பி போனில் டிரைவரிடம், "ரெண்டு நிமிஷம்ங்க," என்றான். பதினேழாவதில் அண்ணனின் கடைசிப் பல்லையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தான்.

"சிவப்புன்னா சிவப்புதான்," என்று நாற்காலியில் சாய்ந்தான்.

"ஆமாண்டா, நீ கெட்டிக்காரன்." சொல்லிக்கொண்டே பல்லுக்காரர் கைச்சீட்டுகளை அவசரமாகக் கட்டோடு சேர்க்கப் போனார்.

"கையைக் காட்டு."

முதல் ஆட்டத்தில் தோற்றபோது அவனே கையை விரிக்கவில்லை, இத்தனை வருஷம் கழித்து அவனுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லை. விரித்தார். இரண்டு புறா, ஒரு வாசல்காரன், ஒரு மணிக்காரி. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பத்து வயசுப் பொடியன் சீட்டை வீசியெறிந்த சத்தம் காதில் கேட்டது. இனி அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன்கூட வராது என்று தோன்றியது.

தம்பி நாலையும் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஹாரன் மறுபடி அடித்தது. பிறகு மணிக்காரியை மட்டும் கையில் எடுத்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த அதே சீட்டு.

"இது என்ன சீட்டுண்ணா? மணிய வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள நிக்கறா."

பல்லுக்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவா... அது சும்மா, சுமாரான சீட்டு."

"பாத்தாலே தெரியுது." மணிக்காரியைக் கவிழ்த்து மற்ற மூன்றின் மேல் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து அண்ணன் கையில் கொடுத்தான். "வெள்ளைல எல்லாமே சுமார்தான்."

வாசலில் கட்டிப்பிடித்தபோது, வரும்போது பிடித்ததைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தான். அடுத்த தடவை என்று சொன்னான், எப்போது என்று சொல்லவில்லை. கார் திரும்பியதும் தெரு பழையபடி ஆகிவிட்டது.

உள்ளே வந்து டீக் கோப்பைகளைக் கழுவி வைத்தார். மேசையில் பற்கள் சிதறிக் கிடந்தன. உட்கார்ந்து, வெள்ளைக் கட்டிலிருந்து நாலு மணிக்காரிகளையும் தேடி எடுத்துத் தனியே வைத்தார். அடுத்த தடவை கையை விரிக்கும்போது மறைக்க ஒன்றும் இருக்கக்கூடாது. அந்த இடத்தில் மெதுவான ஆட்கள் நாலு பேரைச் சேர்த்தார். கிழட்டுக் குதிரை ஒன்று, சுவர் ஒன்று, தூங்கிக்கொண்டே காவல் காக்கும் சிப்பாய்கள் இரண்டு பேர். ஜெயிக்க நினைக்கிற எவனும் இப்படி ஒரு கட்டைக் கட்டமாட்டான்.

இரண்டு கட்டையும் கலைத்து, ஆளுக்கு இருபது பல் வைத்து, ஆரம்பித்தார். நாலாவது சுற்று வந்து போனது. பத்தாவது போனது. இருபதாவது சுற்றிலும் ஆட்டம் முடிகிற வழியாக இல்லை. நன்றாக இருந்தது. ஒரு சீட்டை இறக்கி, "உன் முறை," என்று சொல்லிவிட்டு, எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர் நாற்காலிக்குப் போனார்.