தேர்வாளர்களுக்கு ஐந்து வயது

எங்கள் பாட்டில்பிரஷ் தெருவில் யார் வீட்டுக் குப்பைத் தொட்டியில் எத்தனை ஒயின் பாட்டில் விழுகிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அப்படியிருக்க, எதிர்வீட்டு கெரின் டாலி பல்கலைக்கழகத்தில் பெயிலானது மட்டும் தெரியாமல் போய்விடுமா?

கெரின் படித்தது குழந்தைப் பருவமும் குழந்தைகள் உரிமையும். காபிக் கடை வேலையை உதறிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் போய்ச் சேர்ந்தாள். நகராட்சியில் குழந்தைகள் உரிமை அலுவலர் என்று ஒரு வேலை காலியாக இருந்தது. கிறிஸ்துமஸுக்குள் பட்டம் வாங்கினால் அவளுக்கு. வாங்காவிட்டால் கூடப் படித்த பிராட்லிக்கு. பிராட்லியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய விசேஷமே அதுதான்.

"குழந்தைகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு மதிப்பெண் போடக் குழந்தைகளுக்கு உரிமை இல்லையா?" என்று முதலாண்டிலேயே பதாகை பிடித்தவள் கெரின். செலவில்லாத புரட்சி என்றால் பல்கலைக்கழகங்களுக்குக் கொள்ளை ஆசை. எங்கள் தெருக் கிண்டர் என்கிற பாலர் பள்ளியிலிருந்து நான்கைந்து வயதில் ஆறு பேரைப் பிடித்து, இறுதித் தேர்வுக்கு அவர்களையே தேர்வாளர்களாக அமர்த்திவிட்டார்கள். சம்பளம், கலர் மிட்டாய் தூவிய வெண்ணெய் ரொட்டி. அந்தக் கிண்டரில் உதவிக்குப் போகிறவள் நான். குழுவைக் கூட்டிப் போகவும் மூக்குத் துடைக்கவும் பாத்ரூமுக்கு அழைத்துப் போகவும் என்னையே போட்டார்கள். கேட்காமலே முன்வரிசை டிக்கெட்!

முதலில் பிராட்லி பேசினான். திரையில் இருந்ததைத் திரையைப் பார்த்தே வாசித்தான். குழுத்தலைவி வின்னி, ஐந்து வயது, பாதியிலேயே சூரியன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். சூரியன் என்றால் பாஸ், மேகம் என்றால் பெயில்.

அடுத்து கெரின். பழைய சாக்ஸில் செய்து கையில் மாட்டிய வாம்பாட் பொம்மை ஒன்று, குட்டிக் கரடி மாதிரி, நீதிபதியாக வந்தது. கட்டாயமாகத் தலைக்குக் குளிப்பாட்டியது குற்றமா என்று வழக்கு. பேராசிரியர் கிரேயமைச் சாட்சியாக மேசைக்கடியில் தவழ வைத்தாள். குழந்தைகள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேரை நான் அவசரமாக வெளியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

திரும்பி வந்து பார்த்தால் பலகையில் ஆறும் மேகம்.

கிரேயம் முழங்காலைத் தட்டிக்கொண்டே குனிந்து கேட்டார். "வின்னி, மேகம்னா கெரின் பெயில். அது தெரியுமில்ல?"

"தெரியும் கிரேயம்."

"உங்களுக்குத்தான் அவங்களைப் பிடிச்சிருந்துதே?"

"ரொம்ப. பெயிலானாத்தானே மறுபடி வருவா?"

கிரேயம் ஆறு மேகத்தையும் தாளில் குறித்துக்கொண்டார்.

கெரின் அவர் அறைக்கு ஓடினாள். நான் கைப்பையை மறந்துவிட்டதுபோல வாசலில் நின்றேன்.

"அப்பீல் பண்ணலாம் கெரின். குழந்தைங்களுக்குச் சொந்தமா முடிவெடுக்கத் தெரியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடு. இன்னைக்கே மாத்திடறேன்."

"என் ஆய்வே, தெரியும்ங்கறதுதான் கிரேயம்!"

"ஆமா. அதுல பிரமாதமா வாதாடியிருக்கே. என்னாலயே மறுக்க முடியலை."

அந்த வரியை அவள் எழுதவில்லை. இரண்டாம் முறை, குழந்தைகள் பாடம் கற்றிருப்பார்கள் என்று நம்பிப் போனாள். வாம்பாட்டுக்கு ஒரு மனைவியும் வந்திருந்தது. ஆறு மேகம் போதாதென்று என்னிடம் கூடுதலாக ஸ்டிக்கர் கேட்டார்கள்.

டிசம்பர் பிறந்தது. மிஞ்சியது ஒரே வாய்ப்பு. கெரின் என் சமையலறையில் உட்கார்ந்து லாமிங்டனைப் பிய்த்துக்கொண்டிருந்தாள், தின்னாமல்.

"இந்தா, கேக்கை வீணாக்காதே," என்றேன். "பிராட்லி எப்படிடி பாஸானான்? அறுத்தான், போனான். நீயும் அறு."

"எனக்கு வராது கிளெனிஸ்."

"வரவைக்கலாம். என் வீட்டுக்காரர் முப்பது வருஷமா வாயத் திறந்தாலே ஓய்வூதிய நிதிதான். பக்கத்துல இருந்து கேட்டு எனக்கே பழகிடுச்சு. முதல்ல யாரு கண்ணையும் பாக்காதே. கையை ஆட்டாதே. எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்லு."

ஒரு வாரம் பயிற்சி. முதல் நாள் அரை நிமிஷத்தில் வாம்பாட் குரல் எட்டிப் பார்த்தது, அதட்டி அடக்கினேன். வாரக்கடைசியில் அவள் பேச ஆரம்பித்ததும் எங்கள் நாய் எழுந்து வெளியே போயிற்று. தயார் என்று சொல்லிவிட்டேன்.

தேர்வன்று சாம்பல் நிறக் கோட்டில் வந்தாள். குழந்தைகள் "கெரின்! கெரின்!" என்று மேசையைத் தட்டினார்கள். அவள் சுவரைப் பார்த்து, குழந்தை நலத் திட்டங்களுக்கான நிதி ஒதுக்கீட்டு வழிமுறைகளை வாசிக்கத் தொடங்கினாள். தட்டல் நின்றது. ஜாஸ்பர் என் மடியில் சாய்ந்து குறட்டை விட்டான். கிரேயமும்கூட ஒருதரம் தலையாட்டினார், ஆமோதித்து அல்ல.

வின்னி மட்டும் கையைத் தூக்கினாள்.

"கெரின், உனக்கு உடம்பு சரியில்லையா?"

கெரின் நிமிர்ந்தாள். வலது கை மெல்ல எழும்பி, விரல்கள் வாய் மாதிரிக் குவிந்தன. நான் பின்வரிசையிலிருந்து கண்ணை உருட்டினேன். கை இறங்கிற்று.

"அந்தக் கேள்வி," என்றாள் சுவரிடம், "இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது. வரம்புக்குள் வராது."

ஐந்து சூரியன்கள் விழுந்தன. தூங்கிய ஜாஸ்பரின் கையைப் பிடித்து ஆறாவதை வின்னியே ஒட்டினாள். "எவ்வளவு முதிர்ச்சி!" என்று கிரேயம் கண்ணைக் கசக்கிக்கொண்டே கைகுலுக்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் குழந்தைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கெரின் ஓடி வந்தாள்.

"வின்னி! பாஸாகிட்டேன்! ரொம்ப தேங்க்ஸ்!"

வின்னி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மீட்டர் பார்க்க வருகிறவரிடம் பேசும் மரியாதையோடு, "பரவாயில்லைங்க. நீங்க இனிமே வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

"கேட்டீங்களா கிளெனிஸ்? 'ங்க' போடறா."

"பாஸாயிட்டியா இல்லையா? மூக்கைத் துடை," என்று குழந்தைகளுக்கு வைத்திருந்த காகிதத்தை நீட்டினேன்.

வேலை கிடைத்துவிட்டது. முதல் கூட்டத்திலேயே கெரின் அறிக்கை வாசிக்க, கவுன்சிலர்கள் மூன்று பேர் தூங்கிப்போனார்களாம். இவ்வளவு அனுபவசாலி எங்கே கிடைப்பார் என்று அன்றைக்கே வேலையை நிரந்தரம் செய்துவிட்டார்கள்.