அக்காவின் வால்வு

இதய வால்வை மாற்றுவதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டரில் மாற்றிப் பார்ப்பது என் வேலை. ஸ்கேன் படத்திலிருந்து நோயாளியின் இதயத்தைத் திரையில் கட்டி, தொடையின் ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வை ஏற்றி, விரித்துப் பார்ப்பேன். பழையதை வெளியே எடுப்பதில்லை. புதியது அதை ஓரத்துக்கு நசுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்படி நசுங்கியது, இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயின் வாயை அடைத்துவிட்டால், ஆள் ஆபரேஷன் மேஜையிலேயே போய்விடுவார். திரையில் போனால் திரும்ப ஓட்டலாம். அந்த வசதிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் இதய டாக்டர் ஒரு சந்தேகப் பிராணி. எந்த முடிவைக் கொடுத்தாலும் "மறுபடி ஓட்டு" என்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மறுபடி' என்றே பெயர். வீட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்று மனைவி சத்தியம் செய்தாலும் மறுபடி நக்கிப் பார்ப்பார் என்று கேள்வி.

அந்த வாரம் வந்த ஸ்கேன் அவருடைய அக்காவுடையது. அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர். இப்போது குளியலறைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்குகிறது. நுரையீரலும் பலவீனம், நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தால் தாங்குவாரோ மாட்டாரோ. "உன் நெஞ்சுல கத்தி வைக்க விடமாட்டேன்க்கா, தொடை வழியா நானே வெச்சிடறேன்" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஓட்டினேன். வால்வில் திறந்து மூடும் மூன்று இதழ்களில், இடது இதழில் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது. புது வால்வு விரிந்ததும் அந்தக் கல் நேராகப் போய்க் குழாயின் வாயை மூடியது. சின்ன அளவு போட்டால் ஓரமெல்லாம் ரத்தம் ஒழுகியது.

"கல்லோட கடினத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாரும்மா," என்றார் டாக்டர்.

குறைத்தேன். அது ஒன்றும் குற்றமில்லை. ஸ்கேனில் கல்லின் இடம் தெரியும், பருமன் தெரியும். எவ்வளவு இறுகியிருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாது. நாங்கள் போடுவது ஒரு மதிப்பீடுதான். கடினம் குறைந்ததும் கல் நொறுங்கி வழிவிட்டது. குழாய் திறந்தே இருந்தது.

"போதும். நாளைக்கு டாக்டருங்க மீட்டிங்ல இதை மட்டும் காட்டு."

மறுபடி ஓட்டு என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. எனக்கோ வாயில் பூட்டுக் கிடையாது.

"சார், இது வேற யாரோட அக்காவா இருந்தா, இதை என் மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பீங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் குழாய் அடைபட்ட முதல் முடிவைத் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வா," என்றார்.

வார்டில் அக்கா தலையணையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். இரண்டையும் ஓட்டிக் காட்டினேன். டாக்டரே விளக்கினார், எதையும் மறைக்காமல்.

"ரெண்டுல எதுடா நிஜம்?"

"தெரியலக்கா."

"தெரியாமலா வைக்கப் பார்த்தே?"

ஆஸ்பத்திரியையே அதட்டுகிற மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெஞ்சைப் பிளக்கணும்னா பிளக்கட்டும். வேற டாக்டர் செய்யட்டும்," என்றார் அக்கா. மூச்சு வாங்க நிறுத்தினார். "உன் கையால எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அப்புறம் நீ ஒரு வாய் சாப்பிடுவியாடா?"

ஆபரேஷன் அன்று டாக்டர் வெளியே, சொந்தக்காரர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாயால்தானே அந்த அம்மாளின் நெஞ்சைப் பிளக்கிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சர்ஜன் முகமூடியை இறக்கியபடி வந்தார். "இதயம் நல்லா துடிக்குது. நுரையீரல்தான் கொஞ்ச நாள் படுத்தும். பொழைச்சுக்குவாங்க." கையில் சின்ன டப்பா. வெட்டியெடுத்த பழைய வால்வை, லேபுக்கு அனுப்பும் முன் இவரிடம் காட்டக் கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு இடது இதழை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கையுறைதான் கிழிந்தது.

"நான் கொன்னிருப்பேன்மா," என்றார் என்னிடம். பிறகு, அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதார்.