ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை

ஃப்ரிட்ஜின் மேலிருக்கும் சதுரங்கப் பலகையில்தான் அப்பாவும் பெரியவளும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்கிறார்கள். அப்பா பாய்லர் ஆப்பரேட்டர்; விடியுமுன் கிளம்பிவிடுவார். குடும்பத்தின் முதல் பட்டதாரியான பெரியவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மதிய ஷிப்ட். அவள் திரும்பும்போது அவர் குறட்டையில் இருப்பார். வேலைக்குப் போகுமுன் ஆளுக்கொரு காய் நகர்த்துவார்கள். நாளுக்கு ஒன்றுதான். ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

புது ஆட்டத்தின் நான்காம் நாள் அவள் தன் குதிரையால் அப்பாவின் நடுச் சிப்பாயை அடித்தாள். அடித்த குதிரையை வெட்ட அப்பாவின் குதிரை தயாராக நின்றது. தெரிந்தேதான் செய்தாள். முழுக் குதிரையைக் கொடுத்துவிட்டு, சிப்பாய்களை ஏவி அவருடைய குதிரைகளைத் துரத்தும் ஆட்டம். கணக்குப்படி தேறாது. கல்லூரி விடுதியில் ஒருத்தி அப்படி ஆடக் கண்ட நாளிலிருந்து அவளுக்கு ஆசை.

அன்றைக்குப் பரிசோதனைக் கூடத்தில் கால் தரையில் பாவவில்லை. வரிசையாய்க் குடுவைகள், ஒவ்வொன்றிலும் ஜன்னல் வெயில் ஆடியது. ஒவ்வொரு குடுவையின் அடியிலும் ஒரு குதிரை கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீர் குடிப்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், குதிரை பழைய கட்டத்துக்கே திரும்பியிருந்தது. செத்த சிப்பாய்க்கும் உயிர் வந்திருந்தது. பக்கத்தில் மருந்துச் சீட்டின் பின்புறம் அப்பாவின் கையெழுத்து: ‘கவனிக்காம வெச்சிட்ட போல. வேற ஆடும்மா.’

சுருக்கென்றது. கல்லூரி விண்ணப்பத்தைப் பென்சிலில் நிரப்பிக் காட்டு என்றவர். தேர்வு நாளில் மூன்று பேனா கொடுத்தனுப்பியவர். நிலையான வேலை என்று தண்ணீர்க் குடுவைகளுக்கு நடுவே உட்கார வைத்தவர். வீட்டில் முதலில் படித்தவள் என்றால் மொத்த வீட்டின் பயத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். தப்புச் செய்யக்கூட அவளை நம்பமாட்டார்களா?

அவருடைய டீ இடைவேளையில் போன் போட்டாள்.

“குதிரைய ஏன் திருப்பி வெச்சீங்க?”

“தெரியாம குடுத்துட்டேன்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

“குதிரைன்னா மூணு சிப்பாய்க்குச் சமம்னு நீதானேம்மா சொன்ன? ஒரே ஒரு சிப்பாய்க்குப் போய்…”

“ஆசையா இருந்துச்சுப்பா. அவ்வளவுதான்.”

“தோத்துருவியே.”

“தோத்துக்கறேன். அதையாவது நானே பண்றேன்.”

 “சரி, வேலை இருக்கு,” என்று வைத்துவிட்டார்.

அவள் குதிரையை மறுபடி எடுத்து அதே சிப்பாயை அடித்தாள். இந்த முறை சத்தம் கேட்க வைத்தாள்.

“மரக்கட்டைக்கா இவ்வளவு ரோஷம்?” என்றாள் அம்மா. “அந்தப் பக்கம் தூசி தட்டவே பயமா இருக்கு எனக்கு.”

அன்றிரவு அவள் தூக்கத்தில் ஒரு குதிரை கட்டம் கட்டமாய் வெள்ளைத் தரையில் நடந்துகொண்டே இருந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

விழித்தபோது வெயில் அடுக்களை வரை வந்திருந்தது. பலகையைப் பார்க்கப் பயந்து முதலில் பல் தேய்த்தாள். பிறகு போனாள்.

அவளுடைய குதிரை இல்லை. அது நின்ற கட்டத்தில் அப்பாவின் கறுப்புக் குதிரை நின்றது.

“உங்கப்பா இன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டார்,” என்றாள் அம்மா, அடுப்பைத் துடைத்தபடி. “முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட லேட்டா போகாத மனுஷன். அந்தக் குதிரைய எடுப்பார், வைப்பார், எடுப்பார். ‘வேணும்னேதான் குடுத்திருக்காடி’ன்னு என்கிட்ட நாலு தடவ சொல்லியாச்சு. நான் என்னத்தக் கண்டேன்?”

“அப்புறம்?”

“அப்புறம் வெட்டிட்டுப் போனார். செருப்பக் கூட மாத்திப் போட்டுட்டு.”

வெட்டிய குதிரையை அவர் பெட்டிக்குள் போட்டிருக்கவில்லை. ஜன்னல் விளிம்பில், தெருவைப் பார்த்து நிறுத்தியிருந்தார். வெயிலில் அதன் நிழல் சுவர் வரை நீண்டு, நிஜக் குதிரையின் அளவுக்கு வளர்ந்திருந்தது.

பெரியவள் ஒரு சிப்பாயை எடுத்தாள். இரண்டு கட்டம் தள்ளி, கறுப்புக் குதிரையை வெட்டத் தோதாக, அதற்குச் சாய்வாக நிறுத்தினாள்.

“ஓடுங்கப்பா,” என்றாள், மெதுவாக.