கிழக்குச் சுவரும் பதினான்கு அடுப்படிகளும்

காலை எட்டு மணியிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தாள். பூட்டியிருந்த கதவுகளையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். பதினான்கு வீடும் காலி. எல்லாரையும் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து, குடும்பத்துக்கு ஒருவர் வீதம் கையெழுத்து வாங்கி, சாவிகளையும் வாங்கி இடுப்பில் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தாள். பிறகு என்னதான் உறுத்துகிறது? என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இந்த நடை.

பழைய கால்பந்து மைதானத்தை இடிக்க ஆரம்பித்து ஐந்து மாதமாகிறது. அவள் பாதுகாப்பு மேற்பார்வை. வேலையாட்கள் அவளுக்கு வைத்த பெயர் நில்லக்கா. கயிறு நைந்திருந்தால் நில்லு, தண்ணீர் பீய்ச்சாமல் தூசி பறந்தால் நில்லு, தொப்பி இல்லாமல் எவனாவது தலையை நீட்டினால் நில்லு. எரிச்சலில் வைத்த பெயர்தான். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை. சுற்றிலும் வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில் வெடி வைத்தெல்லாம் தகர்க்க முடியாது. பல் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். மூன்று பக்கத்துப் பார்வையாளர் காலரியும் அப்படிப் போனதுதான். யார் வீட்டு ஜன்னல் கண்ணாடியும் உடையவில்லை. மிச்சமிருந்தது கிழக்குப் பக்கத்து முதுகுச் சுவர் மட்டும். மூன்று மாடி உயரச் சுவரை மேலிருந்து கீழாகத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு ஒவ்வொரு துண்டாக மைதானத்துப் பக்கம் இழுத்துச் சாய்க்க வேண்டும்.

அந்தச் சுவரின் மறுபக்கம்தான் இந்தப் பதினான்கு வீடுகள். நான்காவது அவளுடைய அண்ணன் வீடு.

மூன்று வாரத்துக்கு முன்னால் வீடுகளைச் சோதிக்க வந்தபோது அவள் முதலில் நுழைந்ததே அங்கேதான். படிவத்தில் ஒரு கேள்வி: வீட்டின் பாரம் மைதானச் சுவரில் ஏறியிருக்கிறதா? வீடுகளுக்கும் சுவருக்கும் நடுவே அந்தக் காலத்தில் ஆறடி இடம் விட்டிருந்தார்கள். ஆறடியை யார் சும்மா விடுவார்கள்? வரிசையாக எல்லாரும் அதில் அடுப்படி கட்டிக்கொண்டார்கள். அந்த அடுப்படிக் கூரையின் இரும்பு உத்தரம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. சுவரின்மேல் என்றால் அடுப்படியை முதலில் இடித்தாக வேண்டும்.

"அடுப்படியைப் பார்க்கணுமேண்ணே."

"என்னத்தைப் பார்க்கப்போற? நாலு பாத்திரமும் உங்க அண்ணி முகமும்தான் இருக்கு. ரெண்டும் நீ பார்த்ததுதான். டீ ஆறுது, குடி."

அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். முதல் நாள் வேலைக்கு அவளை அந்தப் பேருந்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தாள். 'இல்லை' என்று எழுதினாள். அங்கேதான் சறுக்கல். அடுத்தடுத்த வீடுகளில் அடுப்படிக்குப் போனாள். கூரைக்கு அடியில் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். வேறு இடமாக இருந்தால் ஏணி போட்டு ஏறிப் பலகையைப் பெயர்த்திருப்பாள். அண்ணன் வீட்டில் தலை நிமிராதவள் பக்கத்து வீட்டில் எந்த முகத்தோடு ஏணி கேட்பாள்? அந்த ஒரே வார்த்தையைப் பதினான்கு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதரைக்கு வாக்கிடாக்கி கரகரத்தது. எந்திரக்காரன். அத்தனை பெரிய எந்திரத்தை ஓசையில்லாமல் நகர்த்துவதால் அவனுக்குப் பூனை என்று பெயர்.

"அக்கா, நாலாவது வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற துண்டைப் பிடிச்சிருக்கேன். லேசா அசைச்சுப் பார்க்கவா?"

"ம். லேசா."

சுவருக்கு அப்பால் எந்திரம் உறுமியது. அதே நொடியில் அண்ணன் வீட்டுக்குள் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

 ஐந்து மாதமாக எல்லார் வீட்டிலும் பாத்திரம் அதிரத்தானே செய்கிறது என்று மனசைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். மனசு மசியவில்லை.

"இன்னொரு தடவை. அதைவிட மெதுவா."

இந்தத் தடவை இரண்டு பாத்திரம். எந்திரம் இழுத்தது சுவரை, அசைந்தது வீடு.

"பூனை, நில்லு. இழுக்காதே, விடவும் விடாதே. அப்படியே தாங்கிக்க."

அண்ணிக்கு ஃபோன் போட்டாள். "அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இங்கதாம்மா... தண்ணி குடிக்கப் போனார்."

"கூப்பிடுங்க அண்ணி."

 மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் விலகியது.

"அவரைத் திட்டாதேம்மா," என்றாள் அண்ணி. "கடைசி வீட்டு மொட்டை மாடி வழியா உள்ள போயிருக்கார். உத்தரத்தை அறுத்துவிட்டா சுவர் தனியா விழுந்துடும், உனக்கும் கெட்ட பேர் வராதுன்னு..."

சாவிக் கொத்தில் நான்காவது சாவியைத் தேடி எடுத்தாள். கதவைத் திறந்து ஓடினாள். சுவரைப் பிடித்திருக்கும்போது யாரும் வீடுகளுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அடுப்படியில் அண்ணன் ஸ்டூல்மேல் நின்று, தலைக்கு மேலே உத்தரத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். பலகையைக் கழற்றிக் கீழே சாய்த்திருந்தார். உத்தரத்தின் மறுமுனை மைதானச் சுவருக்குள் ஒரு முழம் போயிருந்தது. அறுபட்ட இடத்தில் இரும்பு ஏற்கெனவே வாய் பிளந்திருந்தது. கூரை மொத்தமும் அவர் உச்சந்தலைக்கு நேர் மேலே.

"இறங்குண்ணே."

"ரெண்டே இழுப்புதான். நீ வெளியில போ."

 அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஸ்டூல் சாய்ந்தது, அவரும் சாய்ந்தார். விழுந்தவரைத் தரதரவென்று இழுத்துச் சந்துக்குக் கொண்டுவந்தாள். இத்தனை வருஷத்தில் அண்ணனைக் கைநீட்டித் தொட்டு இழுத்தது அதுதான் முதல் தடவை. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன செய்வேன்?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் வாக்கிடாக்கியை எடுத்தாள். "பூனை, எந்திரக் கையை அப்படியே சுவர்ல பூட்டிட்டு எஞ்சினை அணை."

எந்திரம் அடங்கியது. ஐந்து மாதத்தில் அந்தச் சந்து அப்படி அமைதியாக இருந்ததில்லை.

அந்த அமைதியில்தான் கேட்டது. ஐந்தாவது வீட்டுக்குள் சர்க், சர்க் என்று ரம்பம். கொஞ்சம் தள்ளி ஏழாவது வீட்டில். பிறகு அந்தக் கோடியில் ஒன்று. இந்தப் பக்கம் இரண்டாவது வீட்டிலும்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றார். "என் தங்கச்சிக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் இல்லைன்னு எழுதியிருக்கா, நாம அறுத்துவிட்டுட்டாப் போதும்னு. நீ பார்த்துக் கையெழுத்துப் போட்டதாச்சேன்னு எல்லாரும் நம்பிட்டாங்க."

ஒவ்வொரு கதவாகத் திறந்து, வாசலில் நின்று கத்தினாள். தலையெல்லாம் இரும்புத் தூளோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். "ஒரு அஞ்சு நிமிஷம் கொடுத்திருந்தா முடிச்சிருப்போம்மா," என்று ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அண்ணனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். யாருமில்லை என்று அவள் காலையில் எழுதிக்கொடுத்த வரிசையிலிருந்து பன்னிரண்டு பேர்.

வாக்கிடாக்கியில் மேலாளர் வந்துவிட்டார். "ஏன் நிறுத்தினீங்க?"

"வீடுகள் சுவரோட கட்டியிருக்கு சார். உள்ளே ஆளும் இருந்தாங்க."

"பாரம் இல்லைன்னுதானே படிவத்துல இருக்கு? யார் பார்த்தது?"

மைதானம் முழுக்க எல்லார் இடுப்பிலும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். சொல்லாதே என்று அண்ணன் தலையாட்டினார்; பழியைத் தன்மேல் போடச் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"யாரும் பார்க்கலை சார்," என்றாள். "பார்க்காமலே கையெழுத்துப் போட்டது நான்."