சண்டை மீனும் கடற்பிராணிகள் கந்தோரும்

1909ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மன்னார்ப் பட்டினத்துக் கடற்பிராணிகள் கந்தோரின் கண்ணாடித் தொட்டியில் இருந்த மீன் ஒன்று தண்ணீரை விட்டு வெளியேறிக் காற்றில் நீந்தத் தொடங்கியது. அன்று தென்மேல் கச்சான் காற்று பலமாக வீசியதால் தோணிகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை.

அந்தக் கந்தோர் முத்துச்சிப்பிகளை எண்ணும் அரசாங்க அலுவலகமாகத் திறக்கப்பட்டது. திறந்த வருடமே சிப்பிகள் இல்லாமல் போய்விட்டன. மூடச் சொல்லி யாரும் கடிதம் எழுதாததால் கந்தோர் திறந்தே கிடந்தது. அதன் தலைவர் ஹெசல்டன் துரை, எண்ண எதுவும் இல்லாத நிலையில், கொழும்பிலிருந்து ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வரவழைத்து, கட்டுக்கரைக் குளத்துக் கெண்டைக் குஞ்சுகளையும் அயிரைகளையும் அதற்குள் விட்டார். நல்ல ஆட்சி இருந்தால் எல்லாச் சாதி மீன்களும் ஒரே தண்ணீரில் சச்சரவின்றி வாழும் என்பது அவருடைய கொள்கை. பத்து விதிகளை ஆங்கிலத்தில் எழுதி, மீன்களுக்குத் தெரியும்படி தொட்டிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார். கெண்டையும் அயிரையும் ஏற்கனவே ஒரே குளத்தில் இருந்தவைதான். ஆனால் கொழும்புக்குப் போன அறிக்கையில் அந்த விபரம் இல்லை.

எருக்கலம்பிட்டியில் ஒரு சண்டை மீன் இருக்கும் செய்தியைத் துரையிடம் சொன்னவர் கந்தோரின் பியோன் பெனடிக்ற். பேசாலைக்காரர், மனைவி றோசம்மாவும் நான்கு பெண்பிள்ளைகளும் அவருடைய சம்பளத்தில் இருந்தார்கள். கந்தோருக்குப் பாய் வாங்கப் போன இடத்தில், பாய் இழைக்கும் ஆசியா உம்மாவின் வீட்டு மாடத்தில், கண்ணாடிச் சாடிக்குள் விரல் நீளத்தில் நீலமும் சிவப்புமாக ஒரு மீன் வாலை விரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். பேச்சுவாக்கில் துரையிடம் அதைச் சொல்லியும் விட்டார். அன்று பின்னேரமே மீனைப் பொது நன்மைக்காகப் பொறுப்பேற்கும் துரையின் கடிதம் பெனடிக்றின் கையில் இருந்தது.

ஆசியா உம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவர் பினாங்குக்குப் போய்வந்த கடைசிப் பயணத்தில் அந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்து, மூன்று மாதத்தில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணன், அவர் காக்கா என்று கூப்பிடும் சாஹுல் ஹமீட், பதினொரு பேர் இருந்த தன் வீட்டுக்கு வரச்சொல்லி மாதம் ஒருமுறை கேட்பார். மீனைத் தனியே விட்டுவிட்டு வர ஏலாது என்று இவர் மாதம் ஒருமுறை பதில் சொல்வார். மீனை அங்கே கொண்டுபோனால் பிள்ளைகள் சாடியை உடைத்துவிடுவார்கள் என்பது காக்காவுக்கும் தெரியும். இப்படி இரண்டு வருடம் போயிருந்தது.

பெனடிக்ற் கடிதத்தை நீட்டியபோது ஆசியா உம்மா பாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அது தனிய இருக்கிற மீன், தம்பி. கூட்டத்தில விட்டா ஒண்டில் அது கடிக்கும், இல்லாட்டி மற்றதுகள் அதைக் கடிக்கும்.”

“நான் என்ன செய்ய, உம்மா? துரை கையெழுத்து வைச்சிட்டார்.”

“நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்பிடித் தெரியும்?”

பெனடிக்ற் மாடத்திலிருந்து சாடியை எடுத்தார். அதை மடியில் வைத்தபடி மாட்டுவண்டியில் பட்டினம் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சாஹுல் ஹமீட் தங்கையின் வீட்டு வாசலில் நின்றார். “மீனும் போச்சு. இனி என்னத்துக்குத் தனிய?” என்றார். ஆசியா உம்மா பாயைச் சுருட்டினார். வீட்டைப் பூட்டிக்கொண்டு காக்காவின் பின்னால் போனார். அந்த வீட்டில் யாரும் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. பாய் இழைக்க உட்கார்ந்தால் யாரோ ஒரு பிள்ளையை மடியில் இருத்திவிட்டுப் போவார்கள். சாயம் போட்ட ஓலையை மச்சான்மார் பாக்குக் கட்ட எடுத்தார்கள். மதினி அவருடைய தலையணையை விருந்தாளிக்குக் கொடுத்தாள். யாரும் பெரிதாக எதையும் எடுக்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தார்கள். ஒரு மாதத்தில் ஆசியா உம்மாவின் சட்டைகள் தோளில் நிற்காமல் வழுவத் தொடங்கின.

தொட்டியிலும் அப்படித்தான் நடந்தது. சண்டை மீன் மற்றவற்றைக் கொன்றுவிடும் என்று கந்தோரில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர்மார் எதிர்பார்த்தார்கள். அது ஒரு மூலையில் தனக்கென்று நுரைக்கூடு கட்டிக்கொண்டு நின்றது. கெண்டைக் குஞ்சுகள்தான் முறைவைத்து வந்து அதன் வாலைக் கடித்தன. துரை தன் அறிக்கையில், சண்டை மீன் ஒழுக்கம் பழகிவிட்டது என்றும், ஆடம்பரமான வாலைத் தானாகவே சுருக்கிக்கொண்டு வருகிறது என்றும் எழுதினார். கெண்டைகளின் நற்பண்பைப் பற்றி ஒரு பந்தி தனியாக இருந்தது. திங்கட்கிழமை தோறும் ஆசியா உம்மா தாராபுரம் வழியாக நடந்துவந்து, மீனைத் திருப்பித் தரச்சொல்லி மனுக் கொடுத்தார். மனுக்களுக்கு இலக்கம் போட்டு ஒரே கோவையில் வைத்தார்கள்.

சண்டை மீன் மேலே வந்து காற்றுக் குடிக்கும் சாதி. அந்தச் செவ்வாய்க்கிழமை வாலில் ஒரு நூலளவு மட்டும் மிச்சம் இருந்தபோது, அது மேலே வந்து ஒரு மிடறு குடித்தது. பிறகு இன்னொரு மிடறு. அதன்பின் கீழே போகவில்லை. விளிம்பைத் தாண்டி, மையும் கோந்தும் இருந்த மேசையைக் கடந்து, அலுமாரிக்கு மேலே போய் நின்றது. பெனடிக்ற் துரையிடம் சொன்னார். துரை தலை நிமிராமல், திரும்ப உள்ளே போடச் சொன்னார். வலையில் அது சிக்கவில்லை. எட்டு நாளில் வால் முழுவதும் வளர்ந்தது.

துரை யோசித்து, அறையின் காற்று தொட்டியின் ஒரு பகுதியாகக் கருதப்படும் என்று பதினோராவது விதியை எழுதினார். அந்த விதிப்படி சன்னல்கள் எல்லாம் பூட்டப்பட்டன. கிளாக்கர்மார் வியர்வையில் ஊறிய கடதாசியில் எழுதினார்கள். மீன், நீளமாகத் தொங்கும் எதையும் இன்னொரு சண்டை மீனாக எடுத்துக்கொண்டது. பியோன்மார் தோளில் போட்டிருந்த சிவப்புப் பட்டியின் தொங்கலைக் கண்டால் செவுளை விரித்துக்கொண்டு வரும். ஆகவே பட்டிகளைக் காற்சட்டைப் பையில் வைக்க உத்தரவானது.

அறிக்கையைப் படித்துப் பிரமித்த பெரிய துரை ஒருவர் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். அவருடைய தொப்பியில் வெள்ளை இறகு ஒரு முழம் தொங்கியது. தொங்கும் பொருட்கள் பற்றிய உத்தரவு பெரிய துரைமாருக்குப் பொருந்துமா என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. அவர் வாசலைத் தாண்டிய கணத்தில் மீன் அலுமாரியிலிருந்து இறங்கியது. பெரிய துரை கால் மணித்தியாலம் மேசைக்குக் கீழே இருந்தார். இறகில் ஈர்க்கு மட்டும் மிஞ்சியது. அவர் வெளியேறியதும், நாலு மணிக்கு முன் அந்த மீன் உயிரோடு இருக்கக்கூடாது, இருந்தால் பெனடிக்றின் வேலை இருக்காது என்று ஹெசல்டன் துரை சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போனார்.

அன்று திங்கட்கிழமை. ஆசியா உம்மா ஏழாவது மனுவோடு விறாந்தையில் நின்றார். உள்ளே பெனடிக்ற் தரை கூட்டும் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு கதிரையில் ஏறி நின்றார். மீன் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவரையே பார்த்தது, செவுளை விரிக்கவில்லை.

“தம்பி, இறங்குங்கோ,” என்றார் ஆசியா உம்மா.

“எனக்கு நாலு பெட்டைப் பிள்ளையள், உம்மா.”

“தெரியும். நான் உங்களைச் சன்னலைத் திறக்கச் சொல்லயில்லை. சன்னல் பக்கத்திலதான் நிக்கிறன் எண்டு சொல்லுறன்.”

பெனடிக்ற் மூன்றரைக்குக் கதிரையிலிருந்து இறங்கினார். பிறகு சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்று போதுமாக இருந்தும் ஐந்தையும் திறந்தார். அதன்பின் பையிலிருந்த சிவப்புப் பட்டியை எடுத்து மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஆசியா உம்மா முக்காட்டின் நுனியை உள்ளே செருகிக்கொண்டு எருக்கலம்பிட்டிப் பாதையில் நடந்தார். மீன் அவருடைய தலைக்கு ஒரு சாண் மேலே வந்தது. தாராபுரத்தில் அஸர்த் தொழுகைக்கு உளூச் செய்துகொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டுத் தொடர்ந்து கால் கழுவினார்கள். அவர் காக்காவின் வீட்டைத் தாண்டிப் போய்த் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தார். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சாஹுல் ஹமீட் வந்து, முற்றத்தில் நின்றபடி, உள்ளே மிதக்கும் மீனைப் பார்த்தார்.

“மீனுக்குத்தான் இப்ப சாடி தேவையில்லையே. எங்கட வீட்டிலயும் காத்து இருக்குத்தானே?”

“இருக்குது, காக்கா. பிள்ளையள் நல்ல பிள்ளையள். நான் அங்க மெலிஞ்சு போயிட்டன்.”

சாஹுல் ஹமீட் அவருடைய தோளிலிருந்து வழுவிய சட்டையைப் பார்த்தார். தான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. “நாளைக்கு மதினியிட்ட ரெண்டு தலகாணி குடுத்து விடுறன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அவர் மாதம் ஒருமுறை வந்தது கேட்பதற்கல்ல, பார்ப்பதற்கு.

சண்டை மீன் போனபின் கெண்டைகள் பழக்கத்தை விட முடியாமல் ஒன்றையொன்று கடித்தன. ஆவணி முடிவதற்குள் தொட்டியில் வாலுள்ள மீனே இல்லை. பரிசோதனை பூரண வெற்றி என்றும் சமத்துவம் நிலைநாட்டப்பட்டது என்றும் ஹெசல்டன் துரை எழுதினார். அவருக்கு வேறொரு தீவில் பெரிய பதவி கிடைத்தது. பெனடிக்ற் பேசாலையில் மைத்துனரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார். முதல் வருடம் கடல்நோயில் வாந்தியெடுத்தார், அடுத்த வருடம் எடுக்கவில்லை. பெருநாளுக்கு ஒருமுறை ஆசியா உம்மாவின் வீட்டுக்குக் கருவாடு கொண்டுபோவார். ஆனால் அதை மீனுக்குத் தெரியாமல் வெளியில் வைத்துத்தான் கொடுப்பார்.

மீன் அந்த வீட்டின் காற்றில் பதினாறு வருடம் இருந்தது. பாய் வாங்க வரும் பெண்கள் வாசலிலேயே முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். புதிதாக வருபவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். மாரி நாட்களில் அது கொஞ்சநேரம் வெளியே போய் மழையில் நீந்திவிட்டு வரும். அப்போதெல்லாம் ஆசியா உம்மா கதவை முழுவதும் சாத்துவதில்லை. நாலு விரல் இடைவெளி விட்டுவிட்டு, விளக்கைக் கிட்ட இழுத்து, பாயை இழைப்பார்.