பொட்டு வைத்த இடம்

வாஞ்சிநாதன் என்று பெயர் வைத்துவிட்டால், துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஒரு மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போகும் போலிருக்கிறது. ஜலஜாவின் புருஷனுக்கு அப்படித்தான் போயிற்று. டெக்சஸில் எண்ணெய் விலை விழுந்து இன்ஜினீயர் வேலை போனபின், ரவுண்ட் ராக்கில் பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு கடை எடுத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு கடைகளில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்துவிட்டுப் போகவும், நாமும் ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

கூடப் போன சிநேகிதன் ஜம்புநாதன் கம்ப்யூட்டர்காரன். எது புதுசாக வந்தாலும் அவனுக்கு அதுதான் வேதம். ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த பிளாஸ்டிக் உடம்புத் துப்பாக்கியைக் காட்டி, "பதினேழு குண்டு போடலாம்டா. வெயிட்டே இல்ல. பின்னால விழுந்து குண்டைத் தட்டற சுத்தியல்கூட வெளில கிடையாது, எல்லாம் உள்ளயே அடக்கம்," என்று மன்றாடினான்.

வாஞ்சி கேட்டால்தானே. அவன் கண் முழுக்கப் பக்கத்திலிருந்த கனத்த இரும்பின் மேல். 1911 மாடல். "மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சி கலெக்டரைச் சுட்ட வருஷம்டா. என் பேர் உள்ளவன் வேற எதைத் தொடுவான்? ரெண்டு வேர்ல்ட் வாரைப் பார்த்த டிசைன். இது மக்கர் பண்ணாது."

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பழசா புதுசா என்று இரண்டு பேரும் ஆரம்பித்துவிடுவார்கள். ஞாயிறு தவறாமல் வாஞ்சி அதைப் பிரித்து எண்ணெய் போடுவான். பெண்டாட்டி பிறந்தநாளை மறந்த மகானுபாவன் இதை ஒருநாளும் மறந்ததில்லை.

எண்பத்தாறு அக்டோபரில் சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகம், தராசு, கார் சாவி எல்லாம் சுவாமி முன்னால் ஏறின. "இதுவும் ஆயுதம்தானே, ஜலஜா," என்று வாஞ்சி குண்டுகளை எடுத்துவிட்டு, சுத்தியலைத் தூக்கிவிட்டபடியே துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தான். அவளுக்கு அதைக் கண்டாலே பயம். ஆனால் நாளைக்கு ஒன்று என்றால் அவரைக் காப்பாற்றப் போவது இதுதானே என்று சந்தனத்தைத் தாராளமாகவே எடுத்தாள். பிடியில் ஒன்று, மேலே ஒன்று. பின்பக்கம், சுத்தியலுக்கு எதிரே, சின்ன நெற்றி மாதிரி ஓர் இடம் தெரிந்தது. அங்கேயும் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்துக் குங்குமம் இட்டாள்.

மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது, "துடைச்சுட்டியோ?" என்றான் வாஞ்சி.

"துடைச்சாச்சு," என்றாள். பிடியையும் மேல்பக்கத்தையும் துடைத்திருந்தாள். அவள் சொன்னால் சரி என்று அவனும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணி. கடையின் உள்ளறையில் பருப்புப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் யாரோ அதட்டுவது கேட்டது. பிறகு 'டொக்'கென்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகுதான் பெரிய சத்தம். அவள் ஓடி வந்தபோது கொள்ளையடிக்க வந்தவன் ஓடிவிட்டிருந்தான். வாஞ்சி துப்பாக்கியும் கையுமாகக் கீழே கிடந்தான். இது ஏன் வெடிக்கவில்லை என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களிடம் ஜம்பு சொல்லிக்கொண்டிருந்தான். "போலீஸ்ல சொன்னா. சுத்தியல் விழற இடத்துல மஞ்சளா ஏதோ அழுக்கு காஞ்சு ஒட்டிண்டிருந்ததாம், அதான் வெடிக்கலையாம். க்ளீனே பண்ணல போலிருக்கு. பழசைக் கட்டிண்டு அழாதேன்னு தலையால அடிச்சுண்டேன்."

மஞ்சள் என்றதுமே ஜலஜாவுக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் எண்ணெய் போட்ட மனுஷனை அழுக்கு வைத்திருந்து செத்தான் என்று ஊரெல்லாம் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது?

"அது அழுக்கில்லை, ஜம்பு," என்றாள். "சந்தனம். பூஜையன்னிக்கு நான் வெச்ச பொட்டு. துடைச்சாச்சான்னு கேட்டார். துடைச்சாச்சுன்னு சொன்னேன்."

ஜம்பு பாவம், திகைத்துப்போய்த் தனக்குத் தெரிந்ததையே சொன்னான். "அதான் மன்னி, புதுசுல அந்த இடமே கிடையாது. பொட்டு வெச்சிருக்கவே முடியாது."

ஜலஜா வெறும் நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

"அதுலயும் எங்கயாவது இடம் தேடி வெச்சிருப்பேன்," என்றாள்.