சாலிஹா திறந்துவிட்ட தண்ணீர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு எக்ஸெல் தாளில் பிறந்தது. பதினோரு வரிசை. டிரெய்லரின் எடை, கட்டிலின் எடை, பாத்திரங்களின் எடை என்று எல்லாம் பவுண்டுக் கணக்கு. கடைசிக் கட்டத்தில் பச்சை வண்ணத்தில் 'போதும்' என்ற சொல். அந்தத் தாளைத் தயாரித்தவர் யார் என்று இப்போது கேட்காதீர்கள். இப்போதைக்கு ஹாஜா பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஜா நஜ்முதீன், அமெரிக்காவில், டெக்சஸின் சுகர் லேண்டில் என் பக்கத்து வீட்டுக்காரர். நாகப்பட்டினத்துக்காரர். பத்தொன்பது வருடப் பழக்கம். ஒரே எண்ணெய் கம்பெனியில் அவர் பொருள் வாங்கும் பிரிவில் இருந்தார், நான் பம்ப் டிசைன் பண்ணினேன். ஒரே ஃப்ரீவேயில் நொந்து, ஒரே வருடம் ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் ஒரு டிரெய்லர் வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குளியலறை, நடுவில் ஒரே ஆள் நடக்கிற அளவுக்கு இடைவெளி. வேலைக்காக முப்பது வருடம் தான் தனியாக ஓட்டிப் பார்த்த ஊர்களையெல்லாம் மனைவி சாலிஹாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

சஸ்பென்ஸ் வைத்து எழுத எனக்கு வராது. அதனால் கதையின் பிரச்சினையை இங்கேயே போட்டு உடைக்கிறேன். சாலிஹா அவரோடு போவாரா, மாட்டாரா? அவ்வளவுதான்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) 'ஹெச்.ஓ.ஏ.விடமிருந்து கடிதம் வந்த அன்று ஹாஜா பாய் –'

கைவிட்டேன். வாசலில் டிரெய்லர் நிற்கக் கூடாது, வேலிக்குப் பின்னால் கொண்டு போங்கள் என்று குடியிருப்புச் சங்கம் கடிதம் போட்டது நிஜம்தான். ஆனால் அவர்களைத் திட்ட ஆரம்பித்தால் சிறுகதை நாவலாகிவிடும்.

(ஆ) 'மூவர் எனப்படுவது யாதெனில் –'

உங்களுக்குக் கொட்டாவி வருகிறது. எனக்கும் வந்தது. ஆனாலும் இது தெரியாமல் கதை நகராது, ஆகவே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: காரிலிருந்து கழற்றிய டிரெய்லரைக் கையால் தள்ளாமல் நகர்த்தும் மோட்டார்தான் மூவர். டிரெய்லருக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொரு உருளை. ரிமோட்டை அமுக்கினால் உருளை டயரை அழுத்திப் பிடித்துச் சுழற்றும். ஒரு சக்கரம் முன்னால், மற்றது பின்னால் என்று ஓட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும்.*

(இ) 'சாலிஹா தொழுகை விரிப்பை விரித்தார்.'

இதை வைத்துக்கொண்டேன்.

சாலிஹா தொழுகை விரிப்பை விரித்தார். அது அவர்களின் முதல் பயணம், ஹில் கன்ட்ரி என்னும் குன்றுப் பகுதியில், டிரெய்லர்கள் தங்கும் ஒரு முகாம். வண்டிக்குள் இடைவெளி நீளவாக்கில் மட்டும்தான், அதனால் விரிப்பும் நீளவாக்கில்தான் கிடக்கும். எங்கள் பக்கத்திலிருந்து கிப்லா, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை, வடகிழக்கு. வண்டியோ முகாமில் கொடுத்த இடத்தில் ஏறக்குறைய நேர் வடக்கைப் பார்த்து நின்றது. விரிப்பைச் சாய்த்துப் போட்டால் ருகூவில் குனியும்போது தலை அடுப்பில் இடித்தது. வெளியே வந்து, பலகை மேஜைக்குப் பக்கத்தில், புழுதிக் காற்றில் தொழுதார். நாயோடு நடக்கிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் நின்று பார்த்தார்கள். யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மாள் அன்பாகக் கையசைத்துவிட்டுக்கூடப் போனாள். (கையசைத்த அம்மாள் என் கற்பனை. மற்றதெல்லாம் நடந்தது.)

வீட்டுக்கு வந்த பிறகுதான் சாலிஹா வாயைத் திறந்தார்.

"இனி நான் வரலங்க. நீங்க போயிட்டு வாங்க. அஞ்சு வேளையும் கண்காட்சில நிக்கிற மாதிரி நிக்க என்னால முடியாது."

"நீ இல்லாம எனக்கு எதுக்கு அது? வித்துடுறேன்" என்றார் ஹாஜா பாய்.

* தட்டையான தரையில். சரிவில் எடைக் கணக்கு வேறு. இந்த அடிக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஏன் என்று பிறகு தெரியும்.

3

விற்பதற்கு முன் அதை வேலிக்குப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில், டப்ளினில் இருக்கும் மகன் ஹஸ்னைன் போனில் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னான்: "டாட், ஜஸ்ட் கெட் அ மூவர்." அன்று நானும் பர்வதமும் (பர்வதம் என் மனைவி) அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஐரோப்பாவில் ஒருவர் மூவரால் தன் வண்டியை நகர்த்தும் வீடியோவை ஹாஜா பாய் டிவியில் ஓடவிட்டார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த சாலிஹா கேட்டார்:

"அந்த ரிமோட்ல வண்டி நின்ன எடத்துலயே திரும்புமா?"

"திரும்பும். ஏன் கேக்குற?"

"ஒரு நாப்பது டிகிரி திரும்புனா போதும்ல? கிப்லா நேரா வந்துரும். கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே தொழுதுக்குவேன்."

ஹாஜா பாய் டிவி ரிமோட்டைத் தேடுகிற சாக்கில் சோபா மெத்தைகளைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

(முதல் வரைவில் இந்த யோசனையை நான் சொன்னதாக எழுதியிருந்தேன். எழுதுகிறவனுக்குக் கை அரிக்கும். பர்வதம் படித்துவிட்டு அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் அடித்தாள்.)

பிறகு தேர்வு நடந்தது. முன்பக்கக் கொக்கியைப் பிடித்து இழுக்கும் பேட்டரித் தள்ளுவண்டி விலை குறைவு. ஆனால் அதன் சின்னச் சக்கரங்கள் முகாம் சரளையில் புதைந்துவிடும். உருளை வகைதான் சரி என்று முடிவானது. அதிலும் இரண்டு அளவு. சின்னது நாலாயிரம் பவுண்டு வரை, பெரியது ஆறாயிரம் வரை. இங்கேதான் அந்த எக்ஸெல் தாள் வருகிறது. ஹாஜா பாய் பிடிவாதமாகச் சொன்னார்:

"சின்னதே போதும். கணக்குப் பார்த்தாச்சு. பெருசு வாங்குனா அதோட எடையையும் சேத்து இழுக்கணும்."

நான் "எதுக்கும் இன்னொரு தடவ பாருங்க பாய்" என்று எச்சரித்தேன். அவர் கேட்கவில்லை.

[இந்த ஹாஜா பாய் கொஞ்சம் மரக்கட்டையாக இருக்கிறார். பத்தொன்பது வருடத்தில் யாரிடமும் 'கணக்குப் பார்த்தாச்சு' என்று விறைத்துக்கொண்டு பேசியவர் இல்லை. திருத்த வேண்டும்.]

4

மூவர் வந்தது, பொருத்தியாயிற்று. வாசலில் டிரெய்லரைச் சாவகாசமாகத் திருப்பி வேலிக்குப் பின்னால் நிறுத்தியபோது எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் நால்வரும் அதே ஹில் கன்ட்ரி முகாமுக்குப் போனோம். அவர்கள் டிரெய்லரோடு, நாங்கள் எங்கள் காரில்.

இந்த முறை கிடைத்த இடம் லேசான சரிவு. காரைக் கழற்றிவிட்டு ஹாஜா பாய் ரிமோட்டை அமுக்கினார். உருளைகள் டயரைப் பிடித்தன. வண்டி திரும்பத் தொடங்கியது. சாலிஹா போனில் திசைகாட்டியைப் பார்த்தபடி "இன்னும், இன்னும்" என்றார். பத்து டிகிரி. பதினைந்து. அதன் மூக்கு முகாம் பாதைக்குள் நீண்டபோது மோட்டார் முனகி நின்றது. ரிமோட்டில் சிவப்பு விளக்கு. பாதையின் இரண்டு பக்கமும் வண்டிகள் வந்து நின்றன. ஒருவர் ஹாரன் அடித்தார்.

"என்னா ஆச்சு?" என்று சாலிஹா கேட்டார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"பேட்டரி வீக்" என்றார் ஹாஜா பாய்.

"வெயிட் ஜாஸ்தியோ? டேங்க் ஃபுல்லா இருக்கே."

"அதெல்லாம் கணக்குல இருக்கு."

சாலிஹா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து, நல்ல தண்ணீர் டேங்கின் திருகைத் திறந்துவிட்டார். தண்ணீர் சரளையில் ஓடியது. காத்திருந்த டிரக்குக்காரர் இறங்கி காபி குடிக்கத் தொடங்கினார். பத்து நிமிடம் கழித்து, டேங்க் பாதி இறங்கியதும், சாலிஹா ரிமோட்டை வாங்கித் தானே அமுக்கினார். வண்டி அசைந்தது. மெதுவாக, ஒரு மாட்டைப் போல, திரும்பி நின்றது.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லுஹர், நண்பகல் தொழுகை. நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட அதிகமாக –

5

அந்த வாக்கியத்தை முடிக்கப் பர்வதம் விடவில்லை. தாள்களைப் படித்து முடித்து மேஜைமேல் வைத்தாள்.

"ஏங்க, அங்க நானும்தான் நின்னுட்டிருந்தேன்."

"ஆமா."

"பேட்டரி வீக்குன்னு பாய் எப்ப சொன்னாரு? நீங்க சொன்னீங்க. அதெல்லாம் கணக்குல இருக்குன்னு சாலிஹாவ வாய அடைச்சதும் நீங்க."

"கதைக்காகக் கொஞ்சம் மாத்தினேன்."

"கதைக்காகவா, உங்களுக்காகவா?"

சரி. மூன்றாம், நான்காம் பகுதிகளில் ஹாஜா பாய் விறைப்பாகப் பேசியதையெல்லாம் என் வாயில் வைத்துப் படியுங்கள். 'இன்னொரு தடவ பாருங்க பாய்' என்று நான் எச்சரிக்கவே இல்லை. எக்ஸெல் தாளைப் போட்டது நான். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நீங்க டிசைன் இன்ஜினியர் சார். நீங்க போதும்னா போதும்."

அந்தத் தாளில் பன்னிரண்டாவது வரிசை இல்லை. தண்ணீர். இங்குள்ள டிரெய்லர்க்காரர்கள் டேங்கைக் காலியாக வைத்துப் போவார்கள், முகாமில் போய்ப் பிடித்துக்கொள்வார்கள். இணையத்தில் படித்ததை அப்படியே நம்பி நான் சுழியம் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஹாஜா பாய் வீட்டிலிருந்தே நாற்பது காலன் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார். வழியில் லுஹருக்கும் அசருக்கும் ஒளு செய்ய வேண்டும். ரெஸ்ட் ஏரியாவில், நாலு பேர் பார்க்க, முட்டி வலிக்கிற சாலிஹா வாஷ் பேசினில் காலைத் தூக்கி வைக்கக் கூடாது என்பதற்காக. முந்நூற்று முப்பது பவுண்டு. பத்தொன்பது வருடம் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறேன். எத்தனையோ நோன்பு திறப்புக்கு அவர்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்திருக்கிறேன். அவர்கள் தொழுவதற்கு முன் கைகால் கழுவுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

சாலிஹா 'டேங்க்' என்று சொன்ன நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் 'கணக்குல இருக்கு' என்றேன். முப்பத்திரண்டு வருடம் இன்ஜினியர் என்ற பெயரோடு இருந்தவனுக்கு, நடுப்பாதையில் ஹாரன் சத்தத்தில், அதை இழக்க மனம் வரவில்லை. தண்ணீர் இறங்கியதும் வண்டி திரும்பியதைக்கூட, பத்து நிமிட ஓய்வில் பேட்டரி தேறிவிட்டது என்று சொல்லி மழுப்பினேன். ஹாஜா பாயோ தானே சார்ஜ் சரியாகப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மறுவாரம் புது பேட்டரி வாங்கினார். மனைவி சொன்னதை விட்டுவிட்டு நான் சொன்னதை நம்பினார்.

6

முடிவுகள்.

(அ) உண்மை தெரிந்து ஹாஜா பாய் கோபப்படுகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவே –

இல்லை. அவருக்குக் கோபப்படத் தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.

(ஆ) "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே" என்று சாலிஹா சிரித்து மன்னித்துவிடுகிறார். கதைகளில் பெண்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும், ஆண்கள் தப்பித்துக்கொள்வார்கள். அடித்துவிட்டேன்.

(இ)

இதைக் காலியாக விடுகிறேன். காரணம் இருக்கிறது.

நாளைக் காலை அவர்கள் மகன் இருக்கும் டப்ளினுக்குக் கிளம்புகிறார்கள். நியூ மெக்சிகோ, அரிசோனா வழியாகப் பன்னிரண்டு நாள். முதல் தங்கல் மேற்கு டெக்சஸில் ஒரு மலைமுகாம், முன்பு போனதைவிடச் செங்குத்து. சாலிஹா சம்மதித்துவிட்டார். நேற்று எங்கள் வீட்டுக்கு மாசித் துவையல் கொடுக்க வந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. போகிற ஊர்களின் பெயரையெல்லாம் பர்வதத்திடம் ஒப்பித்தார். கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பேட்டரி மாத்தியாச்சு, இனி நிக்காதுன்னு இவுங்க சத்தியம் பண்றாங்க. நம்பித்தான் போறேன். மறுபடி நடுவழில நின்னு எல்லாரும் வேடிக்க பாத்தாங்கன்னா, அதோட முடிஞ்சுது பர்வதம். அந்த வண்டில நான் ஏற மாட்டேன்."

நிற்கும். டேங்க் நிறைந்திருந்தால் நிச்சயம் நிற்கும். காலையில் கணக்கை மறுபடி போட்டேன், பன்னிரண்டு வரிசையோடு. பாதி டேங்க் என்றால் அந்தச் சரிவிலும் திரும்பும். பாதியே வழிக்குத் தாராளம், மீதியை முகாம் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். இவ்வளவு சின்ன விஷயம். சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் ஒரு மாதமாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஹாஜா பாய் தோட்டத்து பைப்பை டிரெய்லரில் செருகிவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்கிறார். சாலிஹா மடித்த விரிப்பை உள்ளே கொண்டு போகிறார்.

இந்தக் கதையை முடிக்க என்னிடம் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. இரண்டையும் எழுதிவிட்டு எழுந்து போகிறேன்.

"பாய், பைப்ப மூடுங்க, பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு, நான் போட்ட கணக்குதான் தப்பு."

"தங்கச்சி, அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி, தெரிஞ்சேதான் உங்களப் பேச விடாம பண்ணேன்."

அதற்குப் பிறகு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று (இ)யில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அவர்கள் இருவரையும் மட்டும் நாளைக் காலை ஒன்றாகக் கிளம்ப விடுங்கள்.